முதல் வண்டி எது? புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு வண்டி வாங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரி திறக்கும் வரை, ரிப்பேருக்கு வருகிறவர்களுக்குச் சமமாக "அண்ணாச்சி, பிள்ளைக்கு எந்த வண்டி எடுக்கலாம்?" என்று கேட்டும் ஆட்கள் வருவார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளையின் காலும் கையும் தாங்குகிற எடையில் வண்டி இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை. சிசி, மைலேஜ், கலர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மகனுக்கு 16 வயது ஆகிவிட்டது. டியூஷன் போய்வர ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்று பலரும் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 16 வயது ஆனவர் பெற்றோர் சம்மதத்தோடு 50 சிசிக்கு மேற்படாத வண்டியைத்தான் ஓட்டலாம். அந்த அளவில் புது பெட்ரோல் வண்டி இப்போது ஷோரூமில் கிடைக்காது. சின்ன வண்டி என்று நாம் நினைக்கிற டி.வி.எஸ். எக்ஸ்எல்கூட இன்று 99.7 சிசி.

2019இல் வந்த திருத்தத்தைப் பெற்றோர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. யாராவது அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த பணத்தை உங்களிடம் திருப்பி வசூலிக்க வழக்குப் போடலாம். டியூஷனுக்குச் சைக்கிளில் போகட்டும். சைக்கிள் ஓட்டிய பிள்ளை பிறகு ஸ்கூட்டர் பழகும்போது பாதி வேலை மிச்சம்.

லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லி விற்கும் எலக்ட்ரிக் வண்டி?

உண்டு. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. நம்பர் பிளேட், லைசென்ஸ் இரண்டும் வேண்டாம். ஆனால் கடையில் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 40, 45 போகும் என்று சொல்லித் தருகிறார்கள். அப்படிப் போகிற நிமிடமே அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். ஓட்டுகிறவர் லைசென்ஸ் இல்லாதவர். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் இல்லை. வாங்குவதாக இருந்தால் அந்த மாடலின் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், ஒயரைத் தொடாதீர்கள்.

கியர் வண்டியில் பழகட்டுமா, ஸ்கூட்டரிலா?

ஓட்டப் போகிற இடத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து கல்லூரி ஐந்தாறு கிலோமீட்டர், வழியெல்லாம் சிக்னலும் கூட்டமும் என்றால் ஸ்கூட்டர். இடது கைக்குக் கிளட்ச் வேலை இல்லை, கால் எப்போதும் தரைக்குப் பக்கத்தில் இருக்கும், பிள்ளையின் முழுக் கவனமும் ரோட்டில் இருக்கும். கிராமத்திலிருந்து தினமும் இருபது, முப்பது கிலோமீட்டர் வர வேண்டும், பாதி ரோடு குண்டும் குழியும் என்றால் பைக் நல்லது. சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தை மிதந்து கடந்துவிடும். ஸ்கூட்டர் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம், 100 சிசி பைக்கில் 17 அல்லது 18 அங்குலம். மழை நாளில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

லைசென்ஸ் விஷயமும் உண்டு. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால் அப்பாவின் ஸ்ப்ளெண்டரை அவசரத்துக்குக்கூட எடுக்க முடியாது. கியர் வண்டிக்கு எடுத்துவிட்டால் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். அதனால் ஸ்கூட்டர் வாங்கினாலும், பக்கத்து வீட்டு 100 சிசி பைக்கில் ஒரு மாதம் பழகிக் கியர் லைசென்ஸே எடுத்துவிடச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

மகள் உயரம் குறைவு. எந்த வண்டி சரியாக வரும்?

இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லை. பிள்ளையை நேரில் கூட்டிப்போய் வண்டியில் உட்கார வைக்க வேண்டும்.

சீட் உயரம் என்று விளம்பரத்தில் ஒரு எண் போட்டிருப்பார்கள். ஸ்கூட்டி ஜெஸ்ட் 760 மில்லிமீட்டர், சுசுகி ஆக்சஸ் 773, ஸ்ப்ளெண்டர் 785. ஆனால் சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் தரைக்கு எட்டாமல் போகும். அதனால்தான் எண்ணைப் பார்த்தால் உயரமாகத் தெரியும் ஒல்லியான பைக் சீட்டில், குட்டையானவர்களும் பாதம் ஊன்றி உட்கார முடிகிறது. இரண்டு காலின் முன்பாதமும் நன்றாக ஊன்ற வேண்டும். பெருவிரல் நுனி மட்டும் தொட்டால் அந்த வண்டி வேண்டாம்.

போன வருஷம் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஐந்தடிக்கும் குறைவு. 125 சிசியில் ஒரு பெரிய ஸ்கூட்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டிருந்தார், அதே மாடல் ஒன்று சர்வீஸுக்காக என் பட்டறையில் நின்றது. "இதை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தள்ளிப் பின்னால் வா பாப்பா" என்றேன். பட்டறை வாசலில் ஒரு சின்னச் சரிவு. ஸ்டாண்டிலிருந்து இறங்கியதுமே வண்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கைப்பிடி அவள் கைக்கு எட்டவில்லை. அப்புறம் பக்கத்தில் நின்ற லேசான ஸ்கூட்டரைக் கொடுத்தேன். அதே சரிவில் தானாகவே பின்னால் தள்ளி, திருப்பி, சென்டர் ஸ்டாண்டும் போட்டுவிட்டாள். அவர் அன்றைக்கே அட்வான்ஸை மாற்றினார்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. நிற்கும்போது, திருப்பும்போது, சரிவில் கால் ஊன்றும்போதுதான். கடையிலேயே நான்கு காரியம் செய்யச் சொல்லுங்கள்: ஸ்டாண்டை எடுப்பது, பத்தடி பின்னால் தள்ளுவது, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புவது, திரும்ப சென்டர் ஸ்டாண்ட் போடுவது. சென்டர் ஸ்டாண்டைக் கையால் தூக்கப் பார்க்கக் கூடாது. ஸ்டாண்டின் மிதியில் வலது காலை வைத்து, உடம்பின் எடையை அதில் இறக்கினால் வண்டி தானாக ஏறும்.

எடையைப் பொறுத்தவரை 110 சிசி ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 105 கிலோவை ஒட்டி இருக்கும். யமஹா ஃபசினோ 125 சிசியாக இருந்தும் 99 கிலோதான். பைக்கில் ஹோண்டா ஷைன் 100 அதே 99 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112. ஐந்து கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது, சாயும்போது தெரியும்.

எத்தனை சிசி போதும்?

100 முதல் 125. ஒரு ஆள் ஊருக்குள் போக 110 தாராளம். நம் ஊர் ஈரடுக்கு மேம்பாலத்தில் பின்னால் ஆள் வைத்துக்கொண்டு ஏறவும் அது போதும். அடிக்கடி இரண்டு பேர் போவார்கள், நான்கு வழிச்சாலையில் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கும் என்றால் 125 பாருங்கள். பின்னால் லாரி வரும்போது கொஞ்சம் முன்னேறிப் போக அந்த இழுவை உதவும்.

பையன் 200 சிசிக்குக் குறைந்து வேண்டாம் என்கிறான். புல்லட்டும் கேட்கிறான்.

அவன் ஆசையில் தப்பில்லை. முதல் வண்டியாக மட்டும் அது வேண்டாம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடை 195 கிலோ. பழகாத பிள்ளை அதை ஒரு பக்கமாகச் சாயவிட்டால் பிடித்து நிறுத்த முடியாது, கால் அடியில் மாட்டும். 200 சிசி பைக்கில் கஷ்டம் வேறு மாதிரி. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டால், கை யோசிக்கும் முன்பே வண்டி போய்விடும். எந்த அளவு முறுக்கலாம் என்று மணிக்கட்டுக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை 100 சிசி வண்டியில் கழிக்கட்டும். ஒரு வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் அடுத்த வண்டியைப் பேசலாம் என்று சொல்லுங்கள், சொன்னபடி வாங்கியும் கொடுங்கள். பிள்ளைகளிடம் வாக்கு மாறக் கூடாது.

டி.வி.எஸ். எக்ஸ்எல் பழகலாமா? பிள்ளை கூச்சப்படுகிறது.

பழக அதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. எடை 90 கிலோவுக்குள். சக்கரம் 16 அங்குலம், கியர் கிடையாது. தோட்டத்து மண் ரோட்டிலும் நேராகப் போகும். வீட்டில் தாத்தாவுடைய எக்ஸ்எல் நின்றால் முதல் இரண்டு வாரம் அதிலேயே பழகச் சொல்லுங்கள். கூச்சம் நாலு நாளில் போய்விடும்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் முதல் வண்டியாக எப்படி?

லைசென்ஸ் தேவைப்படும் பெரிய எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களைச் சொல்கிறேன். பெட்ரோல் செலவு இல்லை, சத்தம் இல்லை, கல்லூரிக்குப் போய்வர மிக வசதி. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு இரண்டு விஷயம் சிரமம். ஒன்று, எடை. ஏத்தர் 450எக்ஸ் 111 கிலோ, பெட்ரோல் ஸ்கூட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டாவது, நிற்கும் நிலையிலிருந்தே முழு இழுவையும் வந்துவிடும். எஞ்சின் சத்தம் இல்லாததால் வண்டி ஆனில் இருப்பதே மறந்துபோகும். வீட்டுக்குள் ஏற்றும்போது கைப்பிடியைத் திருகிவிட்டுச் சுவரில் மோதிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. வாங்கினால் முதல் மூன்று மாதம் வேகம் குறைந்த ஈகோ மோடிலேயே ஓட்டட்டும், தள்ளும்போது ஆஃப் செய்துவிட்டுத் தள்ளட்டும். மாடி வீட்டில் குடியிருந்தால் சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

பிரேக்கில் எதைப் பார்ப்பது? சிபிஎஸ், ஏபிஎஸ் என்றால் என்ன?

125 சிசி வரை உள்ள வண்டிகளில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயம், அதற்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாப் புது வண்டிக்கும் இது பொருந்தும். சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது கைப் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரத்தோடு முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். பைக்கில் வலது கால் பிரேக் அந்த வேலையைச் செய்யும். ஏபிஎஸ் என்பது திடீரென்று அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் விட்டு விட்டுப் பிடிப்பது. 125 சிசிக்கு உள்ளே, முன்னால் டிஸ்க் இருக்கும் மாடலுக்குக் கொஞ்சம் பணம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுங்கள். அலாய் வீலுக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுந்துவிடுவாய் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். அது தப்பு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது, அதனால் நிறுத்துகிற பலமும் அங்கேதான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி இழுத்துக்கொண்டே போகும். காய்ந்த ரோட்டில், வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, மெதுவாக ஆரம்பித்து அழுத்த வேண்டும். மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. காலி மைதானத்தில் ஒரு செருப்பைக் கோடாக வைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு 30இல். ஒரு மாலையில் முப்பது தடவை செய்தால் கைக்கு அளவு பிடிபட்டுவிடும்.

புதிதா, செகண்ட் ஹேண்டா?

பழகும்போது வண்டி விழத்தான் செய்யும். புது வண்டியில் முதல் கீறல் விழும்போது வீட்டில் நடக்கும் சண்டை பிள்ளையின் தைரியத்தைக் கெடுத்துவிடும். அதனால் நான்கைந்து வயதான, ஒரே கையில் இருந்த ஸ்கூட்டர் கிடைத்தால் நல்லது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

காலையில் எஞ்சின் சூடாகும் முன் போங்கள். முதல்நாளே சொல்லிவிட்டுப் போனால் சூடேற்றி வைத்திருப்பார்கள். கால் வைக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கண்ணை வைத்துப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் தடுக்கக் கூடாது. தடுத்தால் பேரிங் போய்விட்டது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை அழுத்தினால் 'டக் டக்' சத்தம் வரக் கூடாது. இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்கூட்டர் என்றால் பெல்ட் மாற்றினார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எங்கள் பக்கத்தில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. கழுவி, பாலிஷ் போட்டு விற்றுவிட்டார்கள். அப்படி ஒன்றை ஒரு மாணவன் வாங்கிவந்து, "செல்ஃப் எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்று நிறுத்தினான். சீட்டைத் திறந்து அடியில் விரலை விட்டேன், நைஸான வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது. மீட்டர் கண்ணாடிக்குள் பழுப்புக் கோடு. ஒயர் சாக்கெட் எல்லாம் பச்சை பூத்திருந்தது. ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டியதாகிவிட்டது. சீட்டுக்கு அடியில், ஹெட்லைட்டுக்குள், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வண்டல் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டிக்கு என்னென்ன பேப்பர்?

ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லோன் இருந்திருந்தால் பைனான்ஸ் கொடுத்த என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்குங்கள். நிலுவை அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் முடித்துவிடுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் விற்றவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

வண்டி யார் பெயரில் இருக்க வேண்டும்?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. இன்சூரன்ஸோடு சேர்த்து எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளர் தானே ஓட்டும்போதுதான் பொருந்தும். வண்டி அப்பா பெயரில் இருந்து மகள் ஓட்டி அடிபட்டால், அந்தத் தொகை அவளுக்கு வராது. 18 வயது முடிந்து லைசென்ஸும் கிடைத்துவிட்டால் பிள்ளை பெயரிலேயே பதிவு செய்யலாம். இல்லையென்றால் பெயர் குறிப்பிடாத ஓட்டுநருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துக் காப்பீடு கேட்டு வாங்குங்கள். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 வருஷத்துக்கு முதலிலேயே எடுக்க வேண்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு தனி, அதை வருஷா வருஷம் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

எல்.எல்.ஆர். இருந்தால் தனியாக ஓட்டலாமா? தோழியை ஏற்றிக்கொள்ளலாமா?

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். அதுவரை வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் போர்டு முன்னும் பின்னும் இருக்க வேண்டும். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. லைசென்ஸ் வைத்திருந்து கற்றுக்கொடுக்கிறவர் மட்டும் உட்காரலாம். பின்னால் ஒரு ஆள் ஏறினால் வண்டியின் பிடிமானமே மாறிவிடும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். டெஸ்ட் பாஸாகிய பிறகும் ஒரு மாதம் தனியாக ஓட்டிவிட்டு ஆளை ஏற்றச் சொல்லுங்கள்.

எட்டுப் போட எந்த வண்டி வசதி?

தினமும் பழகிய வண்டி. டெஸ்டுக்கென்று இரவல் வண்டி கொண்டுபோய்க் கால் ஊன்றிவிட்டு வருகிறவர்கள் நிறைய. எட்டுப் போடும்போது முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்து போக வேண்டிய வளைவைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போனால் வண்டி ஆடாது.

ஹெல்மெட்டுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

விலையைவிட அளவு முக்கியம். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். போட்டுப் பட்டையை மாட்டி, பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள், கழன்று வரக் கூடாது. தலையை ஆட்டினால் கன்னத் தோலும் கூடவே அசைய வேண்டும். வண்டி வாங்கும்போது ஷோரூமில் இலவசமாகக் கொடுக்கிற ஹெல்மெட் பிள்ளையின் தலைக்குப் பொருந்துமா என்று போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

துப்பட்டா, புடவை?

பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் மூன்றும் பைக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அழகு கெடுகிறது என்று பையன்கள் சாரி கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். அம்மா உட்காருகிற வண்டி அது, கழற்ற விடாதீர்கள். துப்பட்டாவை இரண்டு முனையும் சேர்த்து முன்பக்கம் முடிந்து, கோட்டுக்குள் செருகிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

ஒரு தடவை விழுந்துவிட்டாள். இனி ஓட்டவே மாட்டேன் என்கிறாள்.

என் மகளும் அப்படித்தான் சொன்னாள். எங்கள் தெரு முனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த எம்.சாண்ட் ரோட்டில் பரவிக் கிடந்தது, திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். முழங்கை சிராய்ந்து வீட்டுக்கு வந்து, சாவியை மேஜையில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்துவரச் சொன்னேன், ஓட்ட வேண்டாம் என்றேன். அந்த மணல் கிடந்த இடத்தில் நிறுத்தி, செருப்புக் காலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். எவ்வளவு வழுக்குகிறது என்று அவளே பார்த்தாள். திரும்பி வரும்போது "நானே ஓட்டிட்டு வாரேம்ப்பா" என்றாள்.

விழுந்த வண்டியை உடனே ஓட்டக் கொடுக்காதீர்கள். ஹேண்டில் நேராக இருக்கிறதா, பிரேக் லிவர் வளைந்திருக்கிறதா, ஆக்சிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா, கண்ணாடி ஆடுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். விழுந்தபோது ஹெல்மெட் தரையில் அடித்திருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை மறுபடி போட வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு அடியைத்தான் வாங்கும். புதிது வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.